ஷோரூம் அக்கா பதில்கள்

வீடு கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலை தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஷோரூமில். தினமும் கோபாலபுரம் எல்லையைத் தாண்டும் விற்பனையாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் தங்கை எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கடைச் சட்டை போட்டவர்களும் கம்பெனி பெயர் போட்ட டி-சர்ட்காரர்களும் ஒரே இடத்தில் நிற்கிறார்களாம். அவள் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?
– வாசகர், வண்ணாமடை

பதில்: டி-சர்ட்காரர் புரமோட்டர். அவருக்குச் சம்பளம் தருவது தயாரிப்பு நிறுவனம், பெரும்பாலும் நடுவில் ஓர் ஏஜென்சி இருக்கும். கடைக்கு எந்த பிராண்டு போனாலும் சரி, அவருக்குத் தன் பிராண்டு போக வேண்டும். ஒரே ஆளை இரண்டு பேர் "வாங்க வாங்க" என்று சூழ்ந்துகொள்வது அதனால்தான். தங்கச்சி எந்தப் பக்கம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளட்டும். சம்பளச் சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ.; நம் பங்கு 0.75 சதவீதம். 12,000 ரூபாய்க்கு 90 ரூபாய். கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அந்த 90 ரூபாயின் அருமை தெரியும்.

மிஷினைப் பற்றி ஒரு வாரத்தில் படித்துவிடலாம். வந்தவரின் வீட்டைப் பற்றிக் கேட்கத்தான் நாளாகும். எருத்தேன்பதிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகள் கல்யாணத்துக்கு ஃபிரண்ட் லோட் வாஷிங் மெஷின்தான் வேண்டும் என்று வந்தார். "ஏனுங்க, போர் தண்ணிங்களா? மேல டேங்க் இருக்குங்களா?" என்று கேட்டேன். போர் தண்ணீர்தான், டேங்க் இல்லை, குடத்தில்தான் எடுத்து ஊற்றுகிறார்கள். ஃபிரண்ட் லோடுக்குக் குழாயில் அழுத்தம் வேண்டும். உள்ளே ஹீட்டர் வேறு இருக்கும்; உப்புத் தண்ணீர் அதில் படிந்து படிந்து கெடுக்கும். செமி ஆட்டோமேட்டிக் என்றால் குடத்தில் ஊற்றினாலும் ஓடும். இன்சென்டிவ் என்னவோ ஃபிரண்ட் லோடுக்குத்தான் அதிகம், மாசக் கடைசியில் டார்கெட் வேறு கழுத்தை நெரிக்கும். ஆனாலும் செமியைத்தான் காட்டினேன். அந்த வீட்டிலிருந்து அப்புறம் ஃபிரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் "அந்தச் சேச்சி இருக்காங்களா" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

கேள்வி: காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறேன். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். சட்டம் எதுவும் இல்லையா அக்கா?
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது கண்ணு. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். கேரளம் 2018இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் திருத்தியது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆய்வுக்கு வந்தால் காட்டுவதற்காகப் பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, டிவி பெட்டிகளுக்குப் பின்னால்! தனியாகக் கேட்காதே, நாலு பேராகப் போய்க் கேள். மெலிந்த செருப்பை விட்டுவிட்டு மெத்தென்ற ஷூ வாங்கிக்கொள். டைல்ஸ் தரை முதலில் குதிகாலைத்தான் பிடிக்கும்.

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் வாங்கலாமா, ஓணம் வரை பொறுக்கலாமா?
– வாசகர், சித்தூர் (பாலக்காடு)

பதில்: எங்கள் கடையின் வேடிக்கையே இதுதான். நமக்கு ஆடி என்றால் கேரளத்துக்குக் கர்க்கடகம்; பெரியவர்கள் புதுப் பொருள் வாங்கத் தயங்கும் மாசம். பொள்ளாச்சிக்காரர்கள் தள்ளுபடிக்குக் கூட்டமாக வருவார்கள். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் விலையை மட்டும் விசாரித்துவிட்டு, "சிங்ஙம் பிறக்கட்டும்" என்று, அதாவது நம் ஆவணி வரட்டும் என்று, போய்விடுவார்கள். ஆடி, ஓணம், தீபாவளி என்று தொடர்ந்து வருவதால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே கிடையாது.

ஆடியில் பழைய மாடல்களைத் தள்ளிவிடுவார்கள். மாடல் பழசானால் பரவாயில்லை என்பவர் அப்போது வாங்கலாம். ஆனால் 2025 ஓணத்தைக் கேளுங்கள்! ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகும் என்று செப்டம்பர் 3 அன்று அறிவித்தார்கள். அமலுக்கு வருவது 22ஆம் தேதி. திருவோணமோ 5ஆம் தேதி. ஏசி பிரிவில் ஈ ஆடவில்லை. ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் 2018லிருந்தே 18தான் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை போனது. 22க்குப் பிறகு, முன்பே வாங்கியவர்கள் பில்லோடு வந்து வித்தியாசத்தைக் கேட்டார்கள். வாங்கிய திட்டு முழுக்க எங்களுக்குத்தான்.

இன்னொன்று: பில்லில் கேரள முகவரி போட்டு வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் ஐ.ஜி.எஸ்.டி. என்று வரும்; மாநிலம் விட்டு மாநிலம் போகும் பொருளுக்கான ஜி.எஸ்.டி. அது. பயப்படாதீர்கள், மொத்த வரி அதே 18தான்.

கேள்வி: மூன்று ஸ்டார் ஏசிக்கும் ஐந்து ஸ்டாருக்கும் விலை வித்தியாசம் அதிகம். ஐந்து தேவையா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். கே.எஸ்.இ.பி.யில் (கேரள மின்வாரியம்) மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான கணக்கு போய், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை போடுவார்கள். 220, 230 என்று ஓடும் வீடானால் ஐந்து ஸ்டார் வாங்குங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது, அதாவது இரவு எட்டு மணி நேரம் வீதம் 200 இரவு. மார்ச், ஏப்ரலில் மட்டும் போடுபவருக்கு மூன்று ஸ்டாரே போதும். புரமோட்டர் தம்பிகள் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

கேள்வி: ஐப்பசி இடியில் டிவி போய்விட்டது. வாரண்டி உண்டா? ஸ்டெபிலைசர் போட்டிருந்தேனே!
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: மின்னலுக்கு வாரண்டி கிடையாது. ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கும். இடி கேட்டதும் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். பாதிப் பேர் ஒயரை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கடையில் பளிச்சென்று இருந்த டிவி, வீட்டில் மங்கலாக இருக்கிறதே?
– வாசகர், ஆனைமலை

பதில்: கடையில் டெமோ மோடில் ஓடும், வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் செட்டிங் அது. அடுத்த முறை ரிமோட்டை வாங்கி, ஹோம் மோடுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ரிமோட் கிடைக்கவில்லை என்பார்கள். எங்கள் சட்டைப் பையில்தான் இருக்கும்.