படித்து வேலைக்கு வந்த பிறகும் பழங்குடி அடையாளத்தை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் சாதிச் சான்றுக்காக ஒரு நாள்கூட வரிசையில் நின்றிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

நான் இருளர் பழங்குடி, பாம்பு பிடிப்பது எங்கள் பரம்பரைத் தொழில். ஊர் செங்கல்பட்டுப் பக்கம். கல்லூரியில் சேர எஸ்டி சான்று கேட்டுப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டை பேண்ட்டெல்லாம் ஜோரா இருக்கு. இருளர்னு எப்படி நம்புறது? பாம்பு பிடிப்பியா?"

தெரியாது என்றேன். மனு திரும்பி வந்துவிட்டது.

1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பாம்பைப் பிடித்தால் வழக்கு. பிடிக்கத் தெரியாவிட்டால் சான்று இல்லை! வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கை அளந்து குலம் பிரித்தார். அந்த அளவுகோல் இன்னும் ஏதோ ஒரு மேசை டிராயரில் கிடக்கிறது போல.

எல்லா அதிகாரிகளும் அப்படி என்று சொல்லவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டவரும் அதிகாரிதான். கமெண்டில் வந்து பாடம் எடுக்க வேண்டாம்.

அன்று ராத்திரி தாத்தாவிடம் "எனக்கும் கத்துக்குடு" என்றேன். "இதுக்காடா உன்னப் படிக்க வச்சேன்?" என்று திட்டினார். பாம்புத் தோல் வியாபாரத்தைத் தடை செய்ததும் கூலிக்கு அலைந்தவர் அவர். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகுதான் கைத்தொழில் திரும்பக் கிடைத்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் பிடித்து உயிரோடு சங்கத்தில் கொடுப்பார்கள். சங்கத்தில் சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். ஊரில் யாரையாவது பாம்பு கடித்தால் போடுகிற ஊசி பெரும்பாலும் அந்த விஷத்திலிருந்து வருவதுதான்.

ஒரு மாதம் கழித்து அவராகவே வரப்புக்குக் கூட்டிப்போனார். எனக்கு எல்லாம் எலி ஓட்டைதான். ஒரு வளையைக் குனிந்துகூடப் பார்க்காமல் தாண்டினார். "நூலாம்படை அறுவல பாரு, ரெண்டு நாளா உள்ள யாரும் போவல." அடுத்ததில் உட்கார்ந்தார். வாயோரம் மண் மழமழவென்று தேய்ந்திருந்தது. பக்கத்தில் கிடந்த எச்சத்தை விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். "விரியன். தள்ளி நில்லு."

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பள்ளியில் அவரைப் பற்றி எழுதிக் கொடுத்தவன் நான்.

2017இல் எங்கள் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடாவுக்கே அழைத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளியில் 'இருளர்' என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் பாம்பு வந்தால் ராத்திரி பதினொரு மணிக்கும் தாத்தாவைக் கூப்பிடுகிறார்கள். பெட்ரோல் காசுகூடத் தருவதில்லை. போன மாதம் ஒரு வீட்டில் சாரை. பிடித்து வெளியே கொண்டுவந்ததும் "விஷமில்லாததுக்கு எதுக்குப்பா காசு?" என்றார் வீட்டுக்காரர். அதற்கு விஷமில்லை என்று அவருக்குச் சொன்னதே தாத்தாதான்.