அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கிரீன் கார்டு கையில் இருந்தால் வாங்கலாம். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வாங்க முடியாது. உரிமம் பெற்ற கடையில் வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பும் மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பியதும் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். மாநிலச் சட்டம் தனி.

முதல் துப்பாக்கியாக, 9 மி.மீ. தோட்டா போடும் நடுத்தர அளவுக் கைத்துப்பாக்கி போதும். பாக்கெட்டில் அடங்கும் குட்டித் துப்பாக்கி வேண்டவே வேண்டாம்: எடை குறைவு, அதனால் உதைப்பு அதிகம், புதியவருக்குக் குறி தவறும்.

தோட்டாவை அகற்றும் வரிசைதான் உயிர்நாடி. முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூடு) எடுங்கள், பிறகு ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்லைடு திரும்பும்போது இன்னொரு தோட்டாவை அறைக்குள் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) தள்ளிவிடும். காலி என்று நம்பிய துப்பாக்கி வெடிப்பது இப்படித்தான். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, அறைக்குள் சுண்டுவிரல் விட்டுத் தடவிப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அலமாரி உச்சி ஒளிவிடமே அல்ல. பூட்டுள்ள பெட்டகத்தை அன்றைக்கே சேர்த்து வாங்குங்கள்.