தேங்காய் எழுந்து நின்றது எதனால்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பேய், பிசாசு, நீரோட்டம் என்று ஒரே திசையில் இருந்தன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் போட்ட மூன்று போர்வெல்லும் புழுதியாகப் போயின. நான்காவதற்கு நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வந்தோம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். வடகிழக்கு மூலையில் தேங்காய் தானாக எழுந்து நின்றது. அங்கே இரண்டு இஞ்ச் தண்ணீர் கிடைத்தது. கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது?
– விவசாயி, காங்கேயம்

பதில்: தேங்காய் எழுந்து நின்றதை நானும் நம்புகிறேன். அதைத் தூக்கி நிறுத்தியது எது என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. உரித்த தேங்காயைக் குடுமி விரல்களின் பக்கம் இருக்கும்படி உள்ளங்கையில் படுக்க வைத்தால், அது எப்போதும் விழுந்துவிடுகிற நிலையில்தான் இருக்கும். கையின் சாய்விலோ குழிவிலோ நூலளவு மாற்றம் ஏற்பட்டாலும் கனமான பக்கம் கீழே இறங்கும், குடுமி மேலே எழும். அந்த நூலளவு அசைவைக் கைக்கு உரியவரே உணர்வதில்லை. ‘இங்கே இருக்கும்’ என்ற எதிர்பார்ப்பு மனத்தில் எழுந்தவுடன், நம் கட்டளை இல்லாமலே தசைகள் சிறிது இயங்கிவிடுகின்றன. 1852-இல் வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதற்குப் பெயரிட்டு விளக்கினார். அடுத்த ஆண்டே மைக்கேல் ஃபாரடே, ஆவிகள் மேசையைச் சுற்றுவதாக இலண்டனில் பரபரப்பாகப் பேசப்பட்டதைச் சோதிக்க, கைகளுக்கும் மேசைக்கும் நடுவே வழுகும் அட்டைகளை அடுக்கி வைத்து, முதலில் நகர்வது கைகளே, மேசை பிறகுதான் நகர்கிறது என்று காட்டினார். மேசையில் கை வைத்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் தள்ளுவது அவர்களுக்கே தெரியாது. ஆகவே உங்கள் தோட்டத்துக்கு வந்தவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். நானே ஒருமுறை நண்பர் வீட்டின் இரண்டாம் மாடியில் தேங்காயை ஏந்தி நடந்து பார்த்தேன்; அங்கேயும் அது எழுந்து நின்றது. கீழே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று நண்பர் வாதாடினார்.

கையசைவு எப்படி வந்தாலும் அது சரியான இடத்தைக் காட்டுகிறதா என்பது தனியாகச் சோதிக்க வேண்டிய கேள்வி. ஜெர்மனியில், மியூனிக் நகரத்தை ஒட்டி, 1980-களின் பிற்பகுதியில் அரசு நிதியுடன் அப்படி ஒரு சோதனை நடந்தது. நீரோட்டம் பார்ப்பதாகச் சொன்ன சுமார் 500 பேரிலிருந்து திறமையானவர்கள் என்று கருதப்பட்ட 43 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இரண்டு தளங்கள் கொண்ட ஒரு கொட்டகையின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைக்க, அவர்கள் மேல்தளத்தில் நடந்து அதன் இடத்தைச் சொல்ல வேண்டும். 843 முறை இது நடந்தது. ஒரு சிலரிடம் உண்மையான ஆற்றல் தெரிவதாகச் சோதனையை நடத்தியவர்கள் அறிவித்தார்கள். ஆனால் ஜேம்ஸ் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே கணக்குகளை மறுபடி அலசி, குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய இதே விளைவுதான் கிடைத்திருக்கும் என்று 1999-இல் எழுதினார். ஒருமுறை சரியாகச் சொன்னவர் அடுத்த முறை சரியாகச் சொல்லவில்லை என்பதே அவருடைய முக்கியமான வாதம்.

அப்படியானால் உங்களுக்குத் தண்ணீர் எப்படிக் கிடைத்தது? கொங்கு நாட்டின் பெரும்பகுதி நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆற்று மணலில் ஊறி நிற்பதுபோல இந்தப் பாறையில் தண்ணீர் எங்கும் பரவி நிற்காது. மேலே சிதைந்த பாறைக் கண்டத்திலும், அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் இருக்கும். வெடிப்பைத் தொட்டால் தண்ணீர், பத்தடி தள்ளிவிட்டால் புழுதி. ஆண்டுக்கணக்கில் காடு மேடெல்லாம் நடந்த ஒருவருக்கு, நிலத்தின் சரிவையும் பள்ளத்தின் போக்கையும் கோடையிலும் பசுமை குறையாத மரத்தையும் பார்த்து ஓர் ஊகம் பிறந்துவிடும். கரையான் புற்றையும் மரங்களையும் கொண்டு நிலத்தடி நீரைக் கண்டறிவது பற்றி ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். தேங்காயை நகர்த்தியது அந்த அனுபவமாகவும் இருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு: அவர் கண்ணைக் கட்டி, நான்கு வெவ்வேறு மூலைகளிலிருந்து நடக்கவிட்டு, தேங்காய் ஒரே இடத்தில் எழுகிறதா என்று பாருங்கள். அடுத்த போருக்கு முன் மின்தடைமானி கொண்டு பார்க்கிறவர்களையும் அழையுங்கள். அவர்கள் நிலத்தில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, ஈரமான வெடிப்புப் பாறைக்கும் காய்ந்த பாறைக்கும் உள்ள மின்தடை வேறுபாட்டை அளக்கிறார்கள். அதுவும் தவறும்; ஆனால் எவ்வளவு தவறியது என்று கணக்கு வைக்க முடியும். கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது: முதல் மூன்று போருக்கும் இடம் காட்டியவர் யார் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

கேள்வி: நான் நூற்பாலை விடுதியில் தங்கி வேலை செய்கிறேன். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால், சில நாள் விழிப்பு வந்தும் கை கால் அசையாது. நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்து அழுத்துகிறார்கள். அறையின் ஓரக் கட்டிலில் படுக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகிறது என்கிறார்கள். அமுக்குவான் பேய் என்பது உண்மையா?
– வாசகி, அவிநாசி

பதில்: உங்களுக்கு நேர்வது உண்மை, கட்டிலின்மேல் பழி போடுவதுதான் தவறு. கனவு காணும் தூக்கத்தில் கண்கள் மட்டும் மூடிய இமைக்குள் வேகமாக ஓடும். சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இதை 1953-இல் கண்டறிந்து அறிவித்தார்கள். அந்த நேரத்தில் நாம் கனவுக்கு ஏற்றபடி எழுந்து ஓடிவிடாமலிருக்க, கை கால் தசைகளுக்குச் செல்லும் கட்டளையை மூளையே தடுத்து வைக்கிறது. சில வேளைகளில் அந்தத் தடை விலகுவதற்கு முன் விழிப்பு வந்துவிடுகிறது. கண் திறந்திருக்கும், அறை தெரியும், ஆனால் உடம்பு அசையாது, கனவும் முழுதாகக் கலைந்திருக்காது. விருப்பப்படி ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாததால் மார்பில் பாரம் ஏறியதுபோல இருக்கும். பயம் வந்துவிட்டால் மிச்சக் கனவு அந்தப் பாரத்துக்கு ஓர் உருவம் கொடுத்துவிடும். ஜப்பானில் இதையே கனாஷிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து உட்காருகிறாள் என்பார்கள்.

35 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளிவந்த ஒரு கட்டுரையின்படி, பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கும் மாணவர்களில் 28.3 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது நேர்ந்திருக்கிறது. தூக்கம் கெடுவதும், ஷிப்ட் மாறி மாறி வருவதும், மல்லாந்து படுப்பதும் இதைத் தூண்டும். ஒருக்களித்துப் படுங்கள். அது வரும்போது எழுந்து உட்காரப் போராடாமல் ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள். பலருக்கு அதிலேயே கட்டு விட்டுப்போகிறது. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வந்து சாய்த்துவிடுகிறது என்றால் மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். ஓரக் கட்டிலைப் பொறுத்தவரை, கதையைக் கேட்டுவிட்டுப் பயத்தோடு அங்கே படுக்கிறவளுக்குத் தூக்கம் எப்படி நன்றாக வரும்?

கேள்வி: ஊருக்கு வெளியே மரத்தில் இரண்டு கண்கள் டார்ச் வெளிச்சத்தில் கங்குபோல மின்னின. கிளையைப் பிடித்திருந்தது மனிதக் கைபோலவே இருந்தது. குட்டிச்சாத்தான் என்கிறார்கள் எங்கள் ஊரில்.
– வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: தேவாங்கைப் பார்த்திருக்கிறீர்கள், கொடுத்து வைத்தவர். வால் கிடையாது, ஏறக்குறைய ஒரு சாண் நீள உடம்பு, பூச்சிதான் முக்கிய உணவு. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒளி திருப்பும் படலம்தான் கண்களைக் கங்காகக் காட்டுகிறது. கடவூரை ஒட்டிய 11,806 ஹெக்டேர் காட்டைத் தமிழக அரசு 2022-இல் தேவாங்குக்கான சரணாலயமாக அறிவித்தது. நாட்டில் இந்த விலங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அதுவே. மாந்திரீகத்துக்கு என்று தேவாங்கைப் பிடிக்கிறவர்கள் உண்டு. அது சட்டப்படி குற்றம். யாராவது கேட்டால் மரத்தைக் காட்டிவிடாதீர்கள்.

கேள்வி: என் அப்பாரு ஏரிக்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்ததாகச் சொல்வார். இப்போது ஏன் யாரும் பார்ப்பதில்லை?
– வாசகர், பவானி

பதில்: இலை தழை சேற்றில் மக்கும்போது மீத்தேன் வாயு குமிழியாக எழும். 1776-இல் அலெசாண்ட்ரோ வோல்ட்டா இத்தாலியின் மஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி அதைப் பிடித்தார். அந்த வாயு எரிவதுதான் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பாடப்புத்தகம் இத்துடன் முடித்துவிடும். ஆனால் மீத்தேன் தானாகப் பற்ற 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், குளிர்ந்த ஏரியில் தீக்குச்சி கிழித்தவர் யார்? தானே பற்றக்கூடிய பாஸ்பரஸ் வாயு ஒன்று உடன் கலந்திருக்கலாம் என்பது பழைய விளக்கம். குமிழிகள் ஒன்றையொன்று நெருங்கும்போது அவற்றின் இடையே நுண்ணிய மின்பொறி பறந்து மீத்தேனை எரியச் செய்வதாக ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் ஸேர் குழு 2025-இல் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறது. ஏரிச் சேற்றிலும் அதுதான் நடக்கிறதா என்பது இன்னும் முடியாத வழக்கு. இப்போது தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது: ஏரிகள் வறண்டன, மிஞ்சியவற்றின் கரையில் தெருவிளக்கு வந்துவிட்டது, இருட்டில் தனியே நடக்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்கிறீர்களே, அறிவியலுக்கு விளங்காதது ஒன்றுகூட இல்லையா? இடிமழை நாளில் எங்கள் சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) நெருப்புப் பந்து ஒன்று மிதந்து வந்ததாக என் அம்மிச்சி சொல்வார்.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: நீங்கள் கேட்டதே அதற்கு நல்ல உதாரணம். பந்து மின்னலைப் பல நூற்றாண்டுகளாக மக்கள் கண்டு சொல்லியும், அது எப்படி உருவாகிறது என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. 2012-இல் சீனாவின் சிங்ஹாய் மாநிலத்தில், இயல்பான மின்னலைப் பதிவு செய்யக் கருவிகளோடு காத்திருந்த ஆய்வாளர்களின் பார்வையில் அப்படி ஒன்று தற்செயலாகச் சிக்கியது. இரண்டு நொடிகூட நீடிக்காத அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் சிலிக்கான், இரும்பு, கால்சியம் ஆகியவற்றின் அடையாளங்கள் தெரிந்தன. எல்லாம் மண்ணில் இருக்கும் பொருள்கள். மின்னல் தாக்கிய மண் ஆவியாகி எரிகிறது என்ற கருதுகோளுக்கு இது வலுச் சேர்த்தது. ஆனால் வீட்டுக்குள் மிதந்து வரும் பந்தை அது விளக்குவதில்லை. உங்கள் அம்மிச்சி இன்று இருந்தால், பந்து எந்த வழியாக வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன நிறம், சத்தமோ கந்தக வாடையோ உண்டா, போன பிறகு சுவரிலோ ஓட்டிலோ தடயம் இருந்ததா என்று கேட்டு அவர் சொல்கிறபடியே எழுதி அனுப்புங்கள். நாம் எதையும் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.