முதலில் வயிறு, பிறகு பல்

வாசகர் கேள்வி பதில்

அறிவியல் புனைகதையும் மாயப் புனைவும் எழுதும் வாசகர்கள், தங்கள் கதையில் வரும் விலங்குகளைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளுக்கு அடியில் ஓடும் மழைநீர்க் கால்வாயில் வாழும் ஒரு விலங்கை வைத்துக் கதை எழுதுகிறேன். நீளம் 4 மீட்டர், எடை 300 கிலோ, ஆறு கால்கள். ஆளைத் தின்னும். படித்த நண்பர்கள் நம்ப முடியவில்லை என்கிறார்கள். பற்களையும் நகங்களையும் இன்னும் விரிவாக வருணித்தால் சரியாகுமா? (ஈசூன் வாசகர்)

சரியாகாது. பல் எத்தனை வரிசை என்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. இது நேற்று எதைத் தின்றது, முந்தாநாள் எதைத் தின்றது என்ற கேள்விதான் படிப்பவர் மனத்தில் உறுத்தும். ஆகவே வயிற்றிலிருந்து தொடங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் விலங்கு புலி, சிங்கம்போல வெப்ப இரத்தப் பிராணி என்றால், 300 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு 8 கிலோ இறைச்சியாவது வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 கிலோ. ஓர் ஆளிடம் 40 கிலோ சதை தேறும் என்று வைத்தாலும், ஒரே ஒரு விலங்குக்கு ஆண்டுக்கு 75 பேர். ஒற்றை விலங்கு ஓர் இனமாகாது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவர ஒரு 50 விலங்காவது வேண்டும். அப்போது கணக்கு 3,750 பேர். அத்தனை பேர் காணாமல் போயும் எந்தக் குடியிருப்பும் பதறவில்லை என்று எழுதினால், கதை அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும்.

இப்போது அதைக் குளிர் இரத்தப் பிராணியாக்குங்கள். அதே எடையுள்ள பாலூட்டிக்குத் தேவைப்படும் உணவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஊர்வனவற்றுக்குப் போதும். நீளத்தை 4 மீட்டராகவே வைத்து, உடம்பை மட்டும் ஒடுக்கி எடையை 40 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். ஆண்டுக்கு 60, 70 கிலோ இரையில் வண்டி ஓடும். கால் கிலோ எலியாகப் பார்த்தால் வாரத்துக்கு ஐந்தாறு. நம் கால்வாய்களில் மலைப்பாம்புகள் எலியைத் தின்று வாழ்கின்றன என்பது சிங்கப்பூர் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். உங்கள் விலங்குக்கு அந்தப் பழக்கமான இடத்தின் பக்கத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுங்கள். மனிதனைத் தாக்குவது அதன் அன்றாடப் பிழைப்பாக இருக்க வேண்டாம். கதையில் ஒரே ஒரு முறை, தக்க காரணத்தோடு நடக்கட்டும்.

இதனால் கதையின் ஓட்டமும் மாறும். குளிர் இரத்தப் பிராணியால் நீண்ட தூரம் துரத்த முடியாது. நெடுநேரம் அசையாமல் கிடந்து, ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். பிடி தவறினால் களைத்துப்போகும். எனவே ஓட்டமும் துரத்தலுமாக எழுதிய காட்சியை எடுத்துவிட்டு, அசையாமல் கிடக்கும் ஒன்றின் அருகே ஆள் நடந்துபோகும் காட்சியை எழுதுங்கள்.

பல்லை வருணிக்க வைத்திருக்கும் பத்தியை அதன் கழிவுக்குக் கொடுங்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் ஆற்றங்கரையில் நீர்நாய் போட்டுவிட்டுப் போனதைக் குனிந்து பார்த்தால் மீன் செதிலும் முள்ளும் மினுக்கும்; கவுச்சி வாடை மூக்கில் ஏறும். நீர்நாய்க் குடும்பம் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். ஊர்வனவற்றின் கழிவு வேறு விதம். செரிக்காத மயிர் திரிந்து கயிறுபோலக் கிடக்கும். பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளையாக ஒன்று இருக்கும். சிறுநீரை அவை இப்படித்தான் கெட்டியாக வெளியேற்றுகின்றன. துப்புரவு ஊழியர் ஒருவர் விடிகாலையில் கால்வாய் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்கு எலிமயிர்த் திரியையும், முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கட்டியையும் பார்க்கிறார். விலங்கு இன்னும் வரவே இல்லை, வாசகர் அதற்குள் நம்பிவிட்டார்.

கால்வாயையும் மறந்துவிடாதீர்கள். அடைமழையில் தண்ணீர் சட்டென்று ஏறி வேகமாகப் பாயும். வழுவழுப்பான கான்கிரீட்டில் நகம் பிடிக்காது. குழாய்ச் சுவர்களுக்கு நடுவே உடம்பை வளைத்து முட்டுக் கொடுத்துத்தான் நிற்க முடியும். ஆகவே குழாயின் அகலம்தான் உடம்பின் அளவைத் தீர்மானிக்கும்.

ஆறு கால்களை விட்டுவிடுங்கள். தவளையிலிருந்து யானை வரை, முதுகெலும்புள்ள தரைவாழ் விலங்குகள் எல்லாம் நாலு கால் மூதாதையிலிருந்து வந்தவை. பாம்புக்குக்கூடக் கால் இருந்து மறைந்ததுதான். இந்தப் பூமியில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு கால் கூடுதலாக இருந்தால், அதன் அண்ணன் தம்பி எங்கே என்ற கேள்வி வரும். வேறொரு கிரகம் என்றால் தாராளமாக வையுங்கள். ஆனால் அங்கே பறப்பது, மேய்வது, குழி தோண்டுவது எல்லாமே ஆறு உறுப்புகளோடு இருக்க வேண்டும்.

கண்ணே இல்லாத, வௌவால்போல் எதிரொலியால் வழியறியும் அயலுலக உயிரினம் ஒன்று சிங்கப்பூருக்கு வருகிறது. ஓர் அத்தியாயம் முழுவதும் அதன் பார்வையில். எதைக் கவனிக்க வேண்டும்? (தோ பாயோ வாசகி)

நல்ல யோசனை, விடாதீர்கள். முதல் சிக்கல் தமிழிலேயே இருக்கிறது. கேட்டுப் பார்த்தது, தொட்டுப் பார்த்தது, முகர்ந்து பார்த்தது என்று நம் வினைகளில் கண் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எழுதி முடித்ததும் 'பார்' என்ற வினை வரும் இடங்களையெல்லாம் தேடி எடுத்துவிடுங்கள். நிறம், நிழல், பளபளப்பு, பெயர்ப்பலகை எழுத்து இவையும் கூடாது.

அடுத்தது ஒலியின் அளவு. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு ஆயிரம் அதிர்வு) ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். அதைவிட மிகச் சிறிய பொருளை அந்த ஒலியால் தெளிவாக அறிய முடியாது. கதவு தெரியும், கதவின் பிடி தெரியாது. மனித விரலை உணர வேண்டுமானால் அலைநீளம் 1 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு 34 கிலோஹெர்ட்ஸ் ஒலியாவது தேவை. மனிதக் காதின் எல்லையோ 20 கிலோஹெர்ட்ஸ். இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தாக வேண்டும்: அது எழுப்பும் ஒலி மனிதருக்குக் கேட்கும், ஆனால் அதற்கு நுணுக்கம் தெரியாது, அல்லது விரல் நுனிவரை தெரியும், மனிதர் காதில் ஒன்றுமே விழாது. பல கைப்பிரதிகளில் இரண்டும் ஒன்றாக வந்துவிடுகின்றன. தவிர, உயர்ந்த அதிர்வெண் ஒலி காற்றில் விரைவில் தேய்ந்துவிடும். சில பத்து மீட்டருக்கு அப்பால் உலகமே இல்லை. நீண்ட தாழ்வாரத்தின் மறுகோடி அதற்குத் தெரியவே தெரியாது.

இனி நகரத்தை அதன் காதில் வையுங்கள். மூங்கில் கழிகளில் காயும் துணி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். மங்கலான, விளிம்பில்லாத உருவமாகத் தோன்றும். ராஃபிள்ஸ் பிளேஸ் கட்டடங்களின் கண்ணாடிச் சுவர் நேர்மாறு. சாய்வாக வந்து படும் ஒலியை அது வேறு பக்கம் தள்ளிவிடும். திரும்பி எதுவும் வராததால் அங்கே திறந்தவெளி இருப்பதாகவே தோன்றும். வௌவால்கள்கூட வழுவழுப்பான செங்குத்துப் பரப்புகளில் இப்படித்தான் ஏமாந்து மோதுகின்றன. கொட்டும் மழையில் துளிகளும் எதிரொலித்துக் குழப்பும். உங்கள் கதை வடகிழக்குப் பருவமழையில் நடந்தால் இதைவிட நல்ல எதிரி தேவையில்லை.

சங்கப் பாடல்களில் வரும் அசுணம் என்ற உயிரினத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். யாழிசைக்கு மயங்கி வரும், பறையொலி கேட்டால் உயிர்விடும். அதன் இன்பமும் சாவும் ஒரே செவியில். பலவீனத்தைத் தனியாக எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டாமல் பலத்திலிருந்தே எடுக்கும் இந்த வித்தை நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது.

பேருந்து அளவுக் கரப்பான்பூச்சி சாத்தியமா? (புக்கிட் பாத்தோக் மாணவர்)

4 சென்டிமீட்டர் கரப்பானை 12 மீட்டர் பேருந்தாக்க 300 மடங்கு நீட்ட வேண்டும். காலின் குறுக்குவெட்டு 300 முறை 300, அதாவது 90,000 மடங்கு பெருகும். எடையோ 2 கோடியே 70 லட்சம் மடங்கு. 1 கிராம் பூச்சி 27 டன் ஆகிவிடும். காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்னைவிட 300 மடங்கு பாரம் தாங்க வேண்டும், நிற்கும்போதே ஒடிந்துவிடும். நுரையீரல் இல்லாமல், உடம்பெங்கும் ஓடும் நுண்குழாய்கள் வழியே மூச்சு விடும் பிராணி அது. உடம்பு பெருத்தால் காற்று உள்ளே போய்ச் சேராது. பழைய மேலோட்டைக் கழற்றும் நாளில் உடம்பு மெத்தென்றிருக்கும், தன் எடையிலேயே நசுங்கும்.

ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றில் ஆக்சிஜன் இன்றைய 21 விழுக்காட்டைவிட அதிகமாக இருந்த காலத்தில், சிறகு விரிப்பு 65 சென்டிமீட்டரைத் தாண்டிய தும்பி இனத்தவை பறந்தன. இன்று தரையில் வாழும் கணுக்காலிகளில் பெரியது தேங்காய் நண்டு, ஏறத்தாழ 4 கிலோ. உங்கள் கரப்பானை அரையடிக்குள் வைத்து, ஆயிரக்கணக்கில் கொண்டுவாருங்கள். பயம் குறையாது.

மெர்லயனை உண்மையான கடல்விலங்காக எழுத ஆசை. (பாசிர் ரிஸ் வாசகி)

சிங்கத் தலையும் மீன் உடலுமாக 1964-இல் சுற்றுலாச் சின்னமாக வரையப்பட்டு, 1972-இல் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் சிலையாக நின்ற உருவம் அது. சின்னத்துக்கு எலும்பு தேவையில்லை, விலங்குக்குத் தேவை. மீனின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும். அதனால் வால்துடுப்பு செங்குத்தாக இருக்கிறது. பாலூட்டி ஓடும்போது முதுகு மேலும் கீழுமாக வளையும். கடலுக்குத் திரும்பிய திமிங்கலமும், நம் கடற்பகுதியில் கடற்புல் மேயும் கடற்பசுவும் அந்த வளைவையே கொண்டுபோயின. அவற்றின் வால் கிடைமட்டமாக இருக்கிறது. தலை சிங்கம் என்றால் வாலைப் படுக்க வைத்துவிடுங்கள். கடற்கன்னி எழுதுபவர்களுக்கும் இதே பதில்தான்.

பிடரி மயிர் நீச்சலுக்குத் தடை. அதை எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். ஆணுக்கு மட்டும் கொடுங்கள். நனைந்து தொங்கும் பிடரியால் யாரையும் மிரட்ட முடியாது. காய்ந்து சிலிர்க்க வேண்டும். ஆகவே இணை சேரும் பருவத்தில் ஆண்கள் கரையேறியாக வேண்டும். எந்தத் தீவின் எந்தப் பாறையில், அங்கே படகு போகிறதா, யார் கண்ணில் படும் என்று கதை அங்கிருந்தே கிளைக்கும். ஒரு மயிர்க்கற்றை இவ்வளவு வேலை செய்யும்.

70 கிலோ மனிதனுக்கு இறக்கை வைத்தால் பறப்பானா? (கிளமெண்டி வாசகர்)

நம் புவியீர்ப்பில், நம் உடலமைப்போடு, கடினம். பறவைகளில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பறக்கும் தசையே இருப்பதுண்டு. சறுக்க விடுங்கள். புக்கிட் தீமா காட்டில் வாழும் கொலுகோ என்ற பாலூட்டி, கழுத்திலிருந்து விரல், வால் நுனி வரை விரிந்த தோலை வைத்துக்கொண்டே மரம் விட்டு மரம் 100 மீட்டருக்கு மேல் சறுக்கும். ஆனால் தரைக்கு வந்துவிட்டால் தடுமாறும். உங்கள் மனிதனும் தடுமாறட்டும்.

பெயர் வைப்பதில்தான் தோற்றுப்போகிறேன். 'க்ஸ்ரால்க்' என்று வைத்தேன், எனக்கே பிடிக்கவில்லை. (ஜூரோங் வாசகர்)

தமிழ்ச் சொல் இரட்டை மெய்யோடு தொடங்காது. வாய்க்கு வராத பெயர் மனத்திலும் நிற்காது. விலங்குக்குப் பெயர் வைப்பவர் எழுத்தாளரா, அதை முதலில் கண்ட ஆளா என்று யோசியுங்கள். கண்டவர் தமக்குத் தெரிந்ததை வைத்தே பெயரிடுவார், பெரும்பாலும் தவறாக. நீர்நாய் நாயில்லை, முள்ளம்பன்றி பன்றியில்லை, கடற்குதிரை குதிரையில்லை. பங்கோலின் என்ற பெயரே சுருண்டுகொள்வது என்ற பொருளுள்ள மலாய்ச் சொல்லிலிருந்து உலகெங்கும் போனது. தமிழில் அதற்கு அழுங்கு என்று தனிப்பெயர் இருக்கிறது.

சிங்கப்பூரில் ஒரு விலங்குக்கு ஒரே பெயர் இருந்தால்தான் ஐயம் வர வேண்டும். ஈசூன் வாசகரின் கால்வாய் விலங்கையே எடுத்துக்கொள்வோம். தமிழ்த் துப்புரவு ஊழியர் அதைச் சாக்கடை உடும்பு என்பார். மலாய்க் காவலாளி பியாவாக் லோங்காங் என்பார். அரசாங்க அறிக்கையில் நாலு சொல் நீளத்துக்கு ஒரு பெயர் வரும். மூவரும் சொல்வது ஒன்றைத்தான் என்பது மூன்றாம் அத்தியாயம் வரை யாருக்கும் தெரிய வேண்டாம்.