எல்லாரும் போட்டார்களாம்!

வணக்கம் அண்ணே,

எனக்கு ஒத்தக்கடை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சைக்கிளில் அழகர்கோவில் வரை போய்த் திரும்புவோம். போன வாரம் டீக்கடையில் பெரிய வாக்குவாதம். அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் ஊக்கமருந்து போட்டார் என்று, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் அவர் வாங்கிய 7 பட்டங்களைப் பறித்தது அநியாயம் என்பது என் கட்சி. அந்தக் காலத்தில் எல்லாரும் மருந்து போட்டார்கள். எல்லாரும் போட்டால் களம் சமம்தானே? சமமான களத்தில் ஜெயித்தவன் ஜெயித்தவன்தானே? அந்த 7 வருஷப் பட்டத்தையும் வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாக விட்டார்களே, அதுவே சாட்சி. உங்கள் கருத்து என்ன? இந்தியாவிலிருந்து ஒருவர் எப்போது அந்தப் போட்டிக்குப் போவார்? முப்பதாயிரத்துக்குள் நல்ல கியர் சைக்கிள் எது? (எங்கள் குழுவுக்கு வந்துபோகிற ஒருவர், மாநிலப் போட்டிக்குப் போவதென்றால் ஒரு ஊசி இருக்கிறது என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.)

இப்படிக்கு,
ஒத்தக்கடை வாசகன்

அன்புள்ள தம்பி,

சைக்கிள் வாங்க யோசனை சொல்ல நான் ஆள் இல்லை. உங்கள் உயரத்துக்குப் பிரேம் பொருந்துகிறதா என்று ஏறி ஓட்டிப் பார்த்து வாங்குங்கள், கியர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். இந்தியர் எப்போது போவார் என்பதை ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும்.

பட்டம் காலியாக இருக்கிற விஷயத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. 2012 அக்டோபரில் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பட்டங்களைப் பறித்தபோது இரண்டாமிடக்காரர்கள் யாரையும் மேலே தூக்கி வைக்கவில்லை. மூன்று தடவை ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அடுத்து வந்த யான் உல்ரிச்சும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான். சரி. ஆனால் அங்கிருந்து ஒரே தாவலில் ‘களம் சமம்’ என்று வந்து நின்றீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பல வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்கிறவர்களில் அந்த மருந்தைக் கையில் தொட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நான் தொட்டிருக்கிறேன்.

அவர்கள் போட்டதில் தலையாய மருந்து எரித்ரோபோய்ட்டின், சுருக்கமாக ஈ.பி.ஓ. நம் கிட்னியே சுரக்கிற ஹார்மோன்தான். எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும். கிட்னி கெட்டால் இந்தச் சுரப்பும் குறைந்து, ஆள் வெளுத்துப்போவார். அவர்களுக்காகத்தான் 1980களின் கடைசியில் இது ஊசியாக வந்தது. மாடிப்படி ஏற முடியாதவர்களின் மருந்து அது. அதைத்தான் ஆல்ப்ஸ் ஏறுகிறவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

என் சித்திக்கு மேலூர். இரண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று நாள் மதுரைக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டார். ஊசி வாங்கி வருவது என் வேலை. மெடிக்கலில் பிரிட்ஜைத் திறந்து எடுத்து, சின்னத் தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் பையோடு வைத்து, சுற்றி டேப் ஒட்டிக் கொடுப்பார்கள். உள்ளே மருந்து நிரப்பிய சிரிஞ்சு, சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். வெயில் படக் கூடாது, குலுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் டவுன் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பிரேக் போடும்போதெல்லாம் டிரைவரின் முதுகை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அதற்கு முன்பெல்லாம் மாட்டுத்தாவணியில் இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்குப் போவதற்குள் சித்தி நாலு இடத்தில் உட்காருவார். ஊசி ஆரம்பித்துக் கொஞ்ச நாள் போனதும் எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். கீழிமையை விரலால் இழுத்துக் காட்டி, “செவந்திருக்காடா?” என்பார். அடுத்த கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அதே ஊசி, அதே அளவு, போட்டுவிடுகிற சிஸ்டரும் அதே ஆள். அவருக்கு ஏறவே இல்லை. உடம்பில் இரும்புச் சத்து இல்லை, அடிக்கடி கிருமித் தொற்று வேறு, அப்படியிருந்தால் ஊசி சரியாக வேலை செய்யாது என்றார் டாக்டர். சித்திக்கு அது தாங்கவில்லை. மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் என்னைக் குடைவார்: “அதே ஊசிதானப்பா, அவருக்கு மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள், தம்பி.

சைக்கிள்காரர்களின் உடம்பும் உடம்புதானே. ஈ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்கச் சோதனை வந்தது 2000இல்தான். அதற்கு முன் 1997இல் சம்மேளனம் ஒரு கோடு போட்டது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை ஓரங்கட்டு. பிறவியிலேயே 48 உள்ளவரும் உண்டு, 41 உள்ளவரும் உண்டு. 48காரருக்கு ஊசியால் கூடுவது ஒன்றோ ஒன்றரையோ. 41காரர் எட்டுப் புள்ளி ஏற்றிக்கொண்டும் கோட்டுக்குள் நிற்கலாம். இயற்கை யாருக்கு அள்ளிக் கொடுத்ததோ அவருக்கு நஷ்டம்! இதுவா சமம்? போதாததற்குப் பணம். சோதனைக்காரர் வந்து நிற்கும்போதே சலைன் ஏற்றி ரத்தத்தை நீர்க்க வைக்க டாக்டரைக் கூடவே வைத்திருக்கிற அணி ஒரு பக்கம், ஓட்டல் அறையில் தனக்குத் தானே குத்திக்கொள்கிறவன் ஒரு பக்கம். சலைன் கதை என் கற்பனை இல்லை, ஆர்ம்ஸ்ட்ராங்கோடு ஓட்டியவர்களே சத்தியம் செய்து சொன்னது. 1999 இத்தாலியப் போட்டியில் மார்க்கோ பந்தானி முதலிடத்தில் இருந்தார், முடிய இரண்டே நாள். காலைச் சோதனையில் ரத்தம் 52 காட்டியது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோட்டுக்கு ஒரு நூலிழை கீழே நிற்கத் தெரிந்தவர்கள் ஓட்டினார்கள். இந்தச் சாமர்த்தியத்துக்கா பட்டம்?

இன்னொன்று. சித்தியின் ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட்டதும் டாக்டர் ஊசியைக் குறைத்துவிட்டார். அதற்கு மேல் போனால் ரத்தம் உறையலாம், பக்கவாதம் வரலாம் என்றார். அந்த 50 சதவீதம் என்பது ஹீமோகுளோபினில் ஏறக்குறைய பதினாறு, பதினேழு.

எல்லாரும் போட்டார்கள் என்பதும் பொய். கிறிஸ்தோஃப் பாசோன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1998இல் ஃபெஸ்டினா அணியின் காரில் மருந்துகள் பிடிபட்டு, அணியே போலீசில் மாட்டியது. அப்போது பாசோன் மட்டும் போடாதவன் என்று கூட ஓட்டியவர்களே சொன்னார்கள். அடுத்த வருஷ டூரில் ஓட்டிக்கொண்டே பத்திரிகையிலும் வெளிப்படையாக எழுதினார். ஆர்ம்ஸ்ட்ராங் பக்கத்தில் வண்டியைக் கொண்டுவந்து, நீ பேசுவது சரியில்லை, வீட்டுக்குப் போ என்றார். மற்றவர்களும் முகம் கொடுக்கவில்லை. பாசோன் பாதியிலேயே கிளம்பிவிட்டார். உங்களுடைய சமமான களத்தில் அவரை எங்கே நிறுத்துவீர்கள்? பறித்தது சரிதான். இந்த ஒருவருக்காகவே சரி.

இனி, அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தீர்களே, அந்த ஊசிக்கு வருகிறேன். சிரித்துவிட்டு வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் கோபம். உங்களுக்குச் சிரிக்கத் தெரிந்தது. குழுவில் பிளஸ் டூ முடித்த பையன் யாராவது இருந்தால், விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்காதா என்று வீடே அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவனும் சிரிப்பானா? அந்த ஆள் அவனிடம் என்ன சொல்வார் தெரியுமா? “எல்லாரும் போடுறாங்க தம்பி, நீ மட்டும் ஏன் ஏமாளியா இருக்க?” அப்படியே உங்கள் வாதம்! மாட்டினால் விதிப்படி முதலில் பதில் சொல்ல வேண்டியவன் ஓட்டியவன்தான். யார் கொடுத்தார், தெரிந்து போட்டானா என்பதெல்லாம் அப்புறம்தான். நான்கு வருஷம் தடை விழுந்தால் கோட்டாவும் போச்சு, வயசும் போச்சு. கொடுத்தவர் அதற்குள் வேறு குழுவில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

போட்டிக்குப் போகிற பையன்களிடம், காய்ச்சல் மாத்திரையானாலும் நாடாவின் (தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை) செயலியில் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த கடிதத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் வேண்டாம். அந்த ஊசியின் பெயர் என்ன, டாக்டர் சீட்டு இல்லாமல் எப்படி வாங்குகிறார், குழுவில் இன்னும் யாரிடமெல்லாம் பேசியிருக்கிறார், இதை விசாரித்து எழுதுங்கள். சின்னப் பையன்களிடம் முதலில் விசாரியுங்கள்.

அன்புடன்,
அண்ணன்