நான் உண்மையாகவே இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: பள்ளி நாட்களில் ஒரு முகாமில் இயேசுவை ஏற்றுக்கொண்டீர்கள். அதற்குப் பிறகும் பலமுறை ஒப்புக்கொடுத்திருக்கிறீர்கள். சாட்சி சொல்லுகிறவர்களுக்கு இருக்கும் நிச்சயம் உங்களுக்கு வரவில்லை. என் விசுவாசம் உண்மையானதுதானா என்று கேட்கிறீர்கள். நிச்சயம் வரும்வரை திருவிருந்து எடுக்க வேண்டாம் என்று யாரோ சொன்னதால் அதையும் நிறுத்திவிட்டீர்கள்.

உங்களைப் போல இருப்பவர்கள் நிறையப் பேர். எங்கள் சபையின் வாலிபர் முகாம்களில் பல வருடமாக உதவி செய்கிறேன். கடைசி இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதி விளக்குகளை அணைத்துவிடுவார்கள். கீபோர்டில் ஒரே பல்லவி மெதுவாகத் திரும்பத் திரும்ப ஓடும். எல்லாரும் கண்களை மூடியிருக்கட்டும், ஒப்புக்கொடுக்கிறவர்கள் மட்டும் கையை உயர்த்துங்கள் என்பார் செய்தி கொடுக்கிறவர். முடிந்ததும் தீர்மான அட்டைகளைச் சேகரிப்பது எங்கள் வேலை. போன வருடம் "முதல் முறை" என்ற கட்டத்தில் டிக் போட்ட அதே பிள்ளைகள் சிலர் இந்த வருடமும் அதே கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள். விளையாட்டுக்குச் செய்வதில்லை. போன தடவை சொன்ன ஜெபம் சரியாக ஏறவில்லையோ என்று நிஜமாகவே பயப்படுகிறார்கள். அந்த அட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும். "நீ இரட்சிக்கப்பட்ட தேதி எது?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பயத்தை அவர்களுக்குள் வைத்தது நாம்தான்.

தேதியோடு சொல்லப்படும் சாட்சிகளில் உலகம் முழுக்கத் தெரிந்தது, இங்கிலாந்தில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியுடையது. பிரசங்கங்களில் அதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது மீதிப் பாதி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெஸ்லி 1728-இலேயே குருப்பட்டம் பெற்றவர். ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர்களோடு சேர்ந்து புதனும் வெள்ளியும் உபவாசம் இருப்பார், சிறைக்குப் போய்க் கைதிகளைச் சந்திப்பார், ஏழைகளுக்குக் கொடுப்பார். இந்த மனிதர் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்காகக் கப்பல் ஏறினார். 1736 ஜனவரியில் நடுக்கடலில் புயல். ஜெர்மனியிலிருந்து வந்த மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் குழுவின் விசுவாசிகள் கப்பலில் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். சங்கீதத்தின் நடுவில் ஒரு பேரலை வந்து பெரிய பாயைக் கிழித்து, கப்பலையே மூடி, தளங்களுக்கு இடையில் தண்ணீராகக் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொரேவியர்கள் பாட்டை நிறுத்தவில்லை. பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம், உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை, கடவுளுக்கு நன்றி என்றார் அவர். சரி, உங்கள் பெண்களும் பிள்ளைகளும் பயப்படவில்லையா? எங்கள் பெண்களும் பிள்ளைகளும் சாகப் பயப்படுகிறவர்கள் இல்லை என்று பதில் வந்தது.

கரையில் இறங்கியதும் ஸ்பாங்கன்பெர்க் என்ற மொரேவியத் தலைவர் வெஸ்லியிடம் நேராகவே கேட்டார். இயேசு கிறிஸ்துவை உங்களுக்குத் தெரியுமா? வெஸ்லி கொஞ்சம் தயங்கி, அவர் உலக இரட்சகர் என்று தெரியும் என்றார். உண்மைதான், ஆனால் உங்களை அவர் இரட்சித்தார் என்று தெரியுமா? என்னை இரட்சிக்க மரித்தார் என்று நம்புகிறேன் என்று சொல்லி வைத்தார் வெஸ்லி. அது வெறும் வார்த்தையோ என்று பயப்படுவதாகத் தன் நாட்குறிப்பிலும் எழுதினார். உங்கள் கேள்வி, அப்படியே ஒரு குருவானவரின் வாயில்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1738 மே 24. அன்று மாலை மனமில்லாமல்தான் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் தன் இருதயம் விநோதமாக அனலடைந்ததை உணர்ந்ததாகவும், தன் இரட்சிப்புக்கு கிறிஸ்துவை மாத்திரமே நம்புவதை உணர்ந்ததாகவும் எழுதினார். "என்னுடைய பாவங்களையும்கூட" அவர் நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் கொடுக்கப்பட்டதாம். நமக்குச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் இங்கே நின்றுவிடும்.

நாட்குறிப்பு இங்கே நிற்கவில்லை. அதே நாள் பதிவில், கொஞ்ச நேரத்திலேயே, இது விசுவாசமாக இருக்க முடியாது, சந்தோஷம் எங்கே என்று சத்துரு கேட்டதாக எழுதியிருக்கிறார். பொங்கி வரும் சந்தோஷத்தைத் தேவன் சிலசமயம் கொடுப்பார், சிலசமயம் கொடுக்காமல் வைத்திருப்பார் என்று அப்போதே கற்றுக்கொண்டாராம். எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1739 ஜனவரியில், நான் இப்போதும் கிறிஸ்தவன் இல்லை என்றே எழுதினார். 1766-இல், அறுபது வயதைத் தாண்டி, இங்கிலாந்து முழுக்கக் குதிரையில் சுற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்த காலத்தில், தம்பி சார்லஸுக்கு ஒரு கடிதம் போனது. தான் தேவனை நேசிக்கவில்லை, எப்போதும் நேசித்ததில்லை என்று அதில் இருக்கிறது. அந்த வரிகளை மற்றவர்கள் படித்துவிடாதபடி சுருக்கெழுத்தில் எழுதினார்.

இதை வைத்து வெஸ்லியின் விசுவாசம் போலி என்று யாராவது சொல்வார்களா? நான் சொல்ல மாட்டேன். அந்த நாட்களிலும் அவர் பிரசங்கத்தை விடவில்லை, ஏழைகளை விடவில்லை, ஜெபத்தை விடவில்லை. உணர்ச்சி ஏறி இறங்கியது. அவர் பற்றிக்கொண்டிருந்த கிறிஸ்து மாறவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1788-இல், எண்பது தாண்டிய வயதில், விசுவாசத்தைப் பற்றி ஒரு பிரசங்கத்தில் வெஸ்லி பழசைத் திரும்பிப் பார்க்கிறார். சுமார் ஐம்பது வருடத்துக்கு முன் மெதடிஸ்டுப் பிரசங்கிகள் ஜனங்களைப் பார்த்து, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது உனக்குத் தெரியுமா என்று கேட்பார்களாம். தெரியாது என்றால் உடனே, அப்படியானால் நீ பிசாசின் பிள்ளை என்பார்களாம். அப்படி முடிவு கட்ட முடியாது என்கிறார் வெஸ்லி. தேவனுக்குப் பயந்து நீதியைச் செய்கிறவன் ஒரு வேலைக்காரனின் விசுவாசத்தோடாவது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறான், பிள்ளையின் நிச்சயம் அவனுக்குப் பின்னால் வரும் என்பது அவர் வாதம். முகாம்களில் பேசுகிற எல்லாரும் ஒருமுறையாவது அந்தப் பிரசங்கத்தை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சபைகள் இந்த விஷயத்தில் ஒன்றுபோல் சொல்வதில்லை, அது தெரிந்திருப்பது நல்லது. தான் கிருபையில் இருப்பதை யாரும் தவறவே முடியாத நிச்சயத்தோடு அறிய முடியாது என்று கத்தோலிக்க சபை திரெந்து சங்கம் என்ற ஆயர்களின் பெரிய மாநாட்டில் 1547-இல் அறிவித்தது. அங்கே நிச்சயத்தின் இடத்தில் நம்பிக்கையோடு காத்திருப்பது இருக்கிறது. 1431-இல் விசாரணைக் கூண்டில், பிரான்சுக்காகப் போரிட்ட இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கிடம், நீ கிருபையில் இருப்பது உனக்குத் தெரியுமா என்று கண்ணி வைத்துக் கேட்டார்கள். இல்லையென்றால் தேவன் என்னை அதில் வைப்பாராக, இருந்தால் என்னை அதில் காப்பாராக என்றாள் அந்தப் பெண். சீர்திருத்தவாதி கால்வின் வழியில் வந்த சபைகள் நிச்சயம் கிடைக்கும் என்கின்றன. ஆனால் அந்த வழியில் 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே, உண்மையான விசுவாசி அந்த நிச்சயத்துக்காக நெடுநாள் காத்திருந்து பல போராட்டங்களைச் சந்திக்க நேரலாம் என்று ஒப்புக்கொள்கிறது. நிச்சயம் இல்லையென்றால் விசுவாசமே இல்லை என்று உங்களிடம் சொன்னவர், இந்தச் சபைகள் எதுவும் சொல்லாததைச் சொல்லியிருக்கிறார்.

சரி, அப்படியானால் போலி விசுவாசம் என்று ஒன்று கிடையாதா? உண்டு. வேதம் அதைப் பற்றிக் கடுமையாகவே பேசுகிறது. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார் யாக்கோபு. மத்தேயு ஏழாம் அதிகாரத்தைப் படித்துத்தான் நீங்கள் அதிகம் பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்ற வார்த்தை யாரையும் நடுங்க வைக்கும். ஆனால் அது யாரிடம் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். அவர்களுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம் என்று தங்கள் கணக்கை எடுத்து வைக்கிறார்கள். அவர்களுடைய நிச்சயம் முழுக்க அந்தக் கணக்கின்மேல் நிற்கிறது, கூடவே அக்கிரமமும் நடந்துகொண்டிருக்கிறது. நடுங்கிக்கொண்டு, ஆண்டவரே எனக்கு வேறு யாருமில்லை என்று வந்த ஒருவரை அவர் அப்படித் துரத்தியதாகச் சுவிசேஷங்களில் எங்கும் இல்லை. பிள்ளையைக் கூட்டிவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்தினான். முதலில் உன் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனை அனுப்பிவிடவில்லை. பிள்ளை அன்றே சுகமானான்.

தன்னைச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு யோவானின் முதலாம் நிருபத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள், ஐந்தே அதிகாரம். நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படி எழுதுகிறேன் என்று அவரே காரணம் சொல்கிறார். இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கை செய்கிறாயா, அவர் கற்பனைகளின்படி நடக்கப் பார்க்கிறாயா, சகோதரனிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்பவை அவர் பார்க்கச் சொல்லும் இடங்கள். எந்த இரவில் கையை உயர்த்தினாய் என்று அவர் கேட்கவே இல்லை. அதே நிருபத்தில், நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்றும் இருக்கிறது. ஆக, விழாதவன்தான் விசுவாசி என்று அவர் சொல்லவில்லை. விழுந்ததை ஒளிக்காமல் அறிக்கையிட்டு எழுந்து வருகிறாயா என்று பாருங்கள். இந்தக் கனிகளை நாமே நம்மிடம் தேடினால் பெரும்பாலும் கண்ணில் படாது. வருடக்கணக்கில் உங்களைத் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். வீட்டில் பேசும் விதம், பணத்தைக் கையாளும் விதம், மன்னிக்கும் விதம் இதிலெல்லாம் ஏதாவது மாறியிருக்கிறதா என்று அவர் சொல்வார்.

இன்னொரு விஷயம், இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். சிலருக்கு நிச்சயம் வராததற்குக் காரணம் நோய். "இம்மானுவேலின் இரத்தத்தால்" என்று நம் சபைகளிலும் பாடுகிறோமே, அந்தப் பாட்டை ஆங்கிலத்தில் எழுதியவர் வில்லியம் கூப்பர். 1773-இல் கடுமையான மனச்சோர்வு அவரை மறுபடி தாக்கியது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் 1800-இல் சாகும்வரை அவரை விடவே இல்லை. ஜான் நியூட்டன் போன்ற நண்பர்கள் எவ்வளவு சொல்லியும் அவர் மனதில் அது ஏறவில்லை. அவர் இரட்சிக்கப்படவில்லை என்று நியூட்டன் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஒரே ஜெபத்தை ஒரு நாளில் பலமுறை சரியாகச் சொல்லவேண்டிய கட்டாயம், தூஷண எண்ணங்கள் தானாக வருவது, தூக்கமின்மை, செத்துவிடலாம் என்ற எண்ணம் இதில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் தயவுசெய்து ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் இன்றைக்கே வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். மருந்து எடுப்பதால் விசுவாசம் குறைந்துவிடாது.

இனி உங்கள் திருவிருந்து விஷயம். உங்களிடம் சொல்லப்பட்டது புதிதல்ல. 1739 கடைசியில், வெஸ்லியும் சேர்ந்திருந்த லண்டன் ஃபெட்டர் லேன் சங்கம் என்ற ஜெபக் கூட்டத்தில் மோல்தர் என்ற மொரேவியர் இதையேதான் போதித்தார். சந்தேகமோ பயமோ இருந்தால் விசுவாசமே இல்லை, விசுவாசம் வரும்வரை திருவிருந்துக்குப் போகாமல் சும்மா அமர்ந்திரு என்று. பலர் திருவிருந்தை விட்டுவிட்டார்கள். வெஸ்லி இதை விடாமல் எதிர்த்தார். பலவீனமான விசுவாசமும் விசுவாசம்தான் என்றார். "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்று கர்த்தர் முதலில் சொன்னபோது அந்தச் சீஷர்களே இன்னும் பரிசுத்த ஆவியைப் பெறாதவர்கள், முழு விசுவாசிகள் ஆகாதவர்கள் என்று எடுத்துக் காட்டினார். தன் பாவத்தையும் தன்னால் ஒன்றும் முடியாது என்பதையும் உணர்ந்திருந்தால் போதும், வேறு தகுதி வேண்டாம் என்றார். கடைசியில் 1740 ஜூலையில் 18 அல்லது 19 பேரோடு அந்தச் சங்கத்தை விட்டே வெளியேறினார்.

ஒருவன் தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்றுதான் பவுலும் எழுதுகிறார், சோதித்துவிட்டு விலகி நிற்கச் சொல்லவில்லை. உங்கள் சபையில் ஞானஸ்நானம், திடப்படுத்தல் பற்றி ஒழுங்குகள் இருந்தால் அது வேறு, அதைப் போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் மட்டும்தான் தடை என்றால் அடுத்த திருவிருந்துக்குப் போங்கள். முந்தின நாளே போதகரைப் பார்த்து இங்கே எழுதியதை அவரிடமும் சொல்லிவிடுங்கள். பந்திக்கு முன்னால் முழங்கால்படியிடும்போது, என் விசுவாசம் எவ்வளவு என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று சொன்னவரிடம்தான் வந்திருக்கிறீர்கள். கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.