கடையில் "கியர் ஒயில்" என்று கேட்காதீர்கள்

நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஐயா, ஓட்டோ கியர் உள்ள ஹைலக்ஸ் டபுள் கேப் வைத்திருக்கிறேன். 140,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது, கியர் ஒயில் இன்னும் மாற்றவில்லை. ஒரு கராஜில் மெசின் போட்டுக் கழுவ வேண்டும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் தொடவே கூடாது, தொட்டால் கியர் வழுக்கும் என்கிறார்கள். ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கையும் காணவில்லை. வீட்டிலேயே மாற்றலாமா?"

மாற்றலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது "கியர் ஒயில்" என்ற சொல்தான். திருகோணமலையில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர். கடையில் அப்படிக் கேட்டால், கையால் கியர் மாற்றும் வண்டிக்கும், அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷலுக்கும் ஊற்றுகிற 75டபிள்யூ-90 தடித்த ஒயிலை எடுத்துத் தருவார்கள். அவர்கள் மேலும் பிழையில்லை, கேட்டதைத்தானே கொடுத்தார்கள்! ஓட்டோ கியருக்குள் அது போனால் கியர்பெட்டி பாழ்.

உங்களுக்குத் தேவை ஏ.டி.எஃப்., அதாவது ஓட்டோ கியருக்கென்றே வரும் ஒயில். அதிலும் ஒவ்வொரு கம்பனிக்கும் தனி வகை இருக்கிறது. டிப்ஸ்டிக் இல்லாத ஹைலக்ஸ் என்றால் பெரும்பாலும் டொயோட்டா டபிள்யூ.எஸ். வாகனக் கையேட்டில் ஒரு முறை பார்த்து உறுதிப்படுத்துங்கள். பழைய ஹைலக்ஸ்களுக்கு ஊற்றிய டைப் டி-4 இதற்குச் சரிவராது. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று பீப்பாயிலிருந்து அளந்து தருவதை வாங்கவே வேண்டாம். சீல் உடைக்காத கானை நீங்களே வாங்குங்கள். வேலை முடிந்ததும் வெறுங்கானில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுங்கள். நல்ல கம்பனியின் வெறுங்கானை விலை கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் அதில் தண்ணீர் பிடிக்கப் போவதில்லை, கண்ட ஒயிலை நிரப்பி விற்கத்தான். ஆண்டுதோறும் வாகனத்தின் புகையைச் சோதித்துச் சான்றிதழ் கேட்கிற நாட்டில், கானுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 வரை பழைய வண்டிகளையே ஓட்ட வைத்தார்கள். அவற்றைப் பராமரிக்க நம்பகமான ஒயில் ஊருக்குள் கிடைக்கிறதா என்று ஒருவரும் கவலைப்படவில்லை.

"தொட்டால் வழுக்கும்" என்ற கதை சும்மா வரவில்லை. ஏற்கனவே வழுக்கத் தொடங்கிய பிறகுதான் நம் ஆட்கள் ஒயில் மாற்ற ஓடுகிறார்கள். தேய்ந்த கிளச் தட்டைப் புது ஒயில் திருத்தாது, பழி மட்டும் ஒயில் மேல் விழும். உங்கள் வண்டி இப்போது ஒழுங்காகக் கியர் மாற்றுகிறது என்றால் பயப்படாமல் மாற்றலாம். மெசின் கழுவல் வேண்டாம். முந்தைய வண்டியின் ஒயில் மிச்சம் அந்தக் குழாய்களுக்குள் நிற்கும், காசும் லீற்றர் கணக்கில் ஏறும்.

சரி, வேலைக்கு வருவோம். ஜாக் போடவே தேவையில்லை. ஹைலக்ஸ் உயரமான வண்டி, அடியில் படுத்து வேலை செய்யலாம். சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, நான்கு ரயர்களுக்கும் கட்டை வையுங்கள். வடிக்கும் பிளக்கைத் தொடும் முன் ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது கழராவிட்டால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள். முதலில் வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல் முற்றத்தில் நின்றுபோன வண்டிகளை நான் போய்த் தூக்கி வந்திருக்கிறேன்.

வடிந்ததை அளவுப் போத்தலில் அளந்து, அதே அளவு புதியதைக் கைப்பம்பால் ஏற்றுங்கள். வடிவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் டோர்க் கன்வேட்டருக்குள் இருக்கும். ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை என்று மூன்று முறை செய்தால் உள்ளே 70 சதவீதம் போலப் புது ஒயில் ஆகிவிடும்.

டிப்ஸ்டிக்குக்குப் பதிலாக, கியர்பெட்டியின் அடியில் ஒயில் நிற்கும் தட்டான சம்பின் அடியில் ஒரு வழிவு பிளக் இருக்கிறது. வீட்டு வேலை கெட்டுப்போவது இங்கேதான். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை ஓட்டி, எல்லாக் கியரிலும் ஒரு முறை நிறுத்தி, பி-க்கு (பார்க்) வர வேண்டும். கையேட்டில் சொன்ன சூட்டுக்கு ஒயில் வந்ததும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஒழுகி, சொட்டாகக் குறைந்ததும் மூட வேண்டும். ஒன்றும் வராவிட்டால் ஒயில் குறைவு, இன்னும் ஏற்றுங்கள். கையேட்டில் சொல்லும் அந்தச் சூட்டை ஏறத்தாழ கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு என்று வையுங்கள், ஆனால் கையால் பார்க்காமல், வண்டியில் செருகிச் சூட்டைக் காட்டும் ஸ்கேனரால் பாருங்கள். சூடு கூடினால் ஒயில் விரிந்து அதிகம் வழிந்துவிடும், குளிர்ந்ததும் மட்டம் குறைந்து நிற்கும். எனவே வைகாசி வெயிலில் நடுப்பகலில் இதைச் செய்யாதீர்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், விடியற்காலையில் செய்யுங்கள். பழைய ஒயிலை முற்றத்து மணலில் ஊற்றினால் உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும்.

வடிந்தது கருஞ்சிவப்பு என்றால் பயமில்லை. சம்பைத் திறந்தால் காந்தத்தில் சாம்பல்நிற மெல்லிய பசை இருக்கும், அது வழமையான தேய்மானம். செதில் செதிலாக இரும்பு வந்தால் மூடிவிட்டுக் கராஜுக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலாவெளியில் விடுதி என்றதும் சந்தேகம் வந்தது. திமிங்கிலம் பார்க்கப் போகும் படகை இறக்க, இந்த வண்டியைப் பின்பக்கமாகக் கடலுக்குள் விடுகிறீர்களா? அல்லது மகாவலி பெருகிய நாளில் மூதூர்ப் பக்கம் போய் வந்தீர்களா? சூடான கியர்பெட்டி திடீரென்று தண்ணீரில் அமிழ்ந்தால், உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அப்படியென்றால் வடியும் ஒயில் ரோஸ் மில்க் போலக் கலங்கியிருக்கும். ரேடியேற்றருக்குள் இருக்கும் ஒயில் குளிரூட்டி வெடித்தாலும் இதே நிறம்தான். ரேடியேற்றர் தண்ணீர் குறைகிறதா, அதில் ஒயில் மிதக்கிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். எதுவானாலும் நான் மேலே சொன்ன மூன்று தடவைக் கணக்கு இதற்குச் சரிவராது. கிளச் தட்டின் பசை தண்ணீரில் விட்டுப்போகும். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல், கட்டி இழுக்காமல், லொறியில் ஏற்றிப் போய், கன்வேட்டர் உட்பட முழுவதையும் வடிக்கச் சொல்லுங்கள். இரண்டு டிஃபரென்ஷல்களையும் மறக்க வேண்டாம், தண்ணீர் முதலில் போவது அங்கேதான். இனிமேல் படகை இறக்க லேண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) வைத்திருக்கும் அயலவரைப் பிடியுங்கள்.